வாசகர் கேள்வி – பதில்: மலை ஏற ஓர் எடை குறைந்த ரோடு பைக்

கேள்வி: ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மைக் கட்டைகளால் அழுத்தும் பிரேக்) பொருத்தும் அலுமினிய ஃபிரேம் ஒன்றும், முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் இழை ஃபோர்க்கும் என்னிடம் உள்ளன. மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஏற்காடு மலைப்பாதையில் ஏறுவதற்கென்றே ஒரு ரோடு பைக் கட்ட நினைக்கிறேன். மொத்த எடை 7.5 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பது ஆசை. என் உடல் எடை 75 கிலோ. சுழலும் பாகத்தில் குறையும் ஒரு கிராம் மற்ற இடத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால் கையிலுள்ள பணத்தில் பாதியைக் கார்பன் வீல்களுக்கு ஒதுக்கிவிடலாமா? — ஒரு வாசகர், சேலம்.

பதில்: "முதலில் உங்கள் உடம்பைக் குறையுங்கள்" என்று சொல்லி இத்தகைய கேள்விகளைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை குறைந்த சைக்கிளைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவது நியாயமான ஆசை. அந்த ஆசைக்குச் செலவழிக்கும் பணம் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே என் அக்கறை.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 84 கிலோ. நீங்கள் சீராக 180 வாட் ஆற்றலில் மிதிக்கிறீர்கள். இந்தக் கணக்கில் ஒரு கிலோவை உச்சிக்குத் தூக்க 9,800 ஜூல் தேவை, அதாவது ஏறத்தாழ 54 விநாடி. ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும் ஏற்றத்தில் 100 கிராமின் மதிப்பு ஐந்து விநாடிதான். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது தானாகவே தெளிவாகும்.

சுழலும் எடை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் வேகம் கூடும் கணத்தில் மட்டும். சீரான வேகத்தில் ஏறும்போது ரிம்மில் இருக்கும் கிராமும் இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டில் இருக்கும் கிராமும் ஒன்றே. உங்கள் வீல்கள் ரிம் பகுதியில் 400 கிராம் குறைந்தன என்று கொள்வோம். கொண்டை ஊசி வளைவில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குத் தணிந்து மீண்டும் 15 கிலோமீட்டருக்கு ஏறும்போது, இரட்டிப்பையும் சேர்த்தே, மிச்சமாவது நான்கு ஜூலுக்கும் குறைவு. இருபது வளைவுகளுக்கும் சேர்த்து 80 ஜூலைத் தாண்டாது. அதே 400 கிராமை மேலே தூக்காமல் விட்டதால் மிச்சமாவதோ 3,900 ஜூல். ஆகவே வீலுக்கென்று தனி மந்திரம் எதுவும் மலைப்பாதையில் இல்லை.

கார்பன் வீல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஏறும்போது நீங்கள் சேர்த்த எட்டு லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்கேனும் போய்த் தீர வேண்டும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, அடுத்தடுத்து வளைவுகள் வரும் பாதையில் பெரும்பங்கு பிரேக் கட்டை வழியாக ரிம்மில் வெப்பமாகவே இறங்கும். அலுமினியம் அந்த வெப்பத்தை விரைவாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ரிம்மில் வெப்பம் ஒரே இடத்தில் தேங்கி, இழைகளைப் பிணைக்கும் பிசினை இளக்கிவிடக்கூடும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குபவர்களின் ரிம் ஓரங்கள் உப்பிப் பிளந்துபோவது இதனால்தான். மழையில் பிரேக் பிடிப்பதிலும் அலுமினியமே நம்பகமானது. எனவே 1,550 முதல் 1,600 கிராமுக்குள் கிடைக்கும் நல்ல அலுமினிய வீல் ஜோடியை வாங்குங்கள். இரண்டு கிலோவை நெருங்கும் சாதாரண வீல்களோடு ஒப்பிட்டால் அந்த 400 கிராம் அங்கேயே கிடைத்துவிடும்.

மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு டயருக்குப் போகட்டும். கம்பி வைத்த விலை குறைந்த டயரின் உருள் தடைக் கெழு (உருளும்போது டயர் தரும் எதிர்ப்பின் அளவு) 0.008 என்றும், மடிக்கக்கூடிய உயர்தர டயருடையது 0.005 என்றும் கொண்டால், 20 கிலோமீட்டரில் வரும் வேறுபாடு ஏறத்தாழ 49,000 ஜூல். உங்கள் 180 வாட்டில் அது நான்கரை நிமிடம். ஐந்து கிலோ எடையைக் குறைத்தால் கிடைக்கும் பலனை, ஒரு ஜோடி டயர் கொடுத்துவிடுகிறது. டயர் ஒன்றுக்கு நூறு கிராம் வரை எடை குறைவது அதற்கு மேல் வரும் இலாபம்.

டியூபில் மட்டும் அவசரப்பட வேண்டாம். வழக்கமான பியூட்டைல் ரப்பர் டியூப் நூறு கிராம் சொச்சம். டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன டியூப் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் டிபியூ வெப்பத்தில் இளகும் பொருள் என்பதால், மிக மெல்லிய வகைகளை ரிம்மைத் தொடாத டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்டும் என்று தயாரிப்பாளர்களே வரையறுத்திருக்கிறார்கள். ரிம் பிரேக்கோடு மலை இறங்கும் நீங்கள் பியூட்டைலையே மாட்டிக்கொண்டு, டிபியூவை அவசரத்துக்கான மாற்று டியூபாகப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

எடையைக் கூட்டியே வாங்கச் சொல்லும் இன்னொரு பாகம் கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு. 11-28 கேசட் (மிகச் சிறிய சக்கரத்தில் 11 பல், மிகப் பெரியதில் 28) 11-34ஐவிட ஏறத்தாழ நூறு கிராம் குறைவு என்பதால் பலர் சின்னதை எடுத்துவிடுகிறார்கள். 7 விழுக்காடு ஏற்றத்தில் 180 வாட்டில் உங்கள் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். முன்புறம் 34 பல்லும் பின்புறம் 28 பல்லும் இருந்தால் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு 68 சுற்றுதான் சுற்றும், பின்புறம் 34 பல் இருந்தால் 83 சுற்று சுற்றும். ஐந்து விநாடிக்காக முழங்காலை வருத்திக்கொள்வது வீண். ஷிமானோ 105 ஆர்7000 குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு) எடுப்பதானால், சங்கிலியைக் கியருக்குக் கியர் மாற்றும் பின்புற டிரெய்லியரில் நீளக் கூண்டு கொண்ட ஜிஎஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். குட்டைக் கூண்டு கொண்ட எஸ்எஸ் வகை 30 பல்லுக்கு மேல் ஏற்காது. ஷிமானோவின் 11 கியர் 11-34 கேசட்டை 11 கியர் ரோடு ஹப்பில் (சக்கரத்தின் நடு அச்சுப் பகுதி) மாட்டும்போது, அதனுடன் வரும் 1.85 மில்லிமீட்டர் வளையத்தை முதலில் செருக வேண்டும். அதை விட்டுவிட்டால் கேசட் ஆடும்.

இப்படிக் கட்டினால் எவ்வளவு வரும்? ஃபிரேமும் ஃபோர்க்கும் 1.7 கிலோ, பிரேக்குகள் உட்பட குரூப்செட் இரண்டரை, வீல்கள் 1.6, டயரும் டியூபும் 0.65, ஹேண்டில்பார், அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம், சீட் போஸ்ட், இருக்கை ஆகியவை 0.9, பெடல், கேபிள், இன்ன பிற 0.45, ஆகமொத்தம் 7.8 கிலோ. நீங்கள் கேட்ட 7.5க்கு இன்னும் 300 கிராம் தேவை. அடிக்கம்பிகள் கார்பனால் ஆன இருக்கையில் 100 கிராமும் கார்பன் சீட் போஸ்ட்டில் சுமார் 70 கிராமும் குறையலாம். எஞ்சியதற்காக ஸ்டெம்மின் எஃகு போல்ட்டுகளைக் கழற்றி அலுமினிய போல்ட்டுகளை மாட்டும் யோசனை யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இறக்கத்தில் உங்கள் உடல் முழுவதும் சாய்ந்து நிற்பது அந்த நான்கு போல்ட்டின் மேல்தான். 7.6 கிலோவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பழைய கார்பன் ஹேண்டில்பார் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: வேண்டாம். அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் உள்ளே இழை விட்டுப்போயிருந்தாலும் மேலே வண்ணப்பூச்சு பளபளவென்றே இருக்கும். முன்பு யாருடைய கையில் இருந்தது, எத்தனை முறை கீழே விழுந்தது, ஸ்டெம்மை எவ்வளவு முறுக்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வழியில்லை. நல்ல அலுமினிய ஹேண்டில்பார் 250 கிராமில் புதிதாகவே கிடைக்கிறது. கார்பனில் 200 கிராம் என்றாலும் வேறுபாடு 50 கிராம்தான்.

புதிய கார்பன் பாகம் வாங்குவதானால், அதே நாளில் முறுக்கின் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரென்ச்சும் கார்பன் பேஸ்ட்டும் வாங்கிவிடுங்கள். மணல் போன்ற நுண்துகள் கலந்த அந்தப் பேஸ்ட்டைப் பூசினால், குறைந்த முறுக்கிலேயே பாகம் வழுக்காமல் நிற்கும். பாகத்தின் மேல் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் அதுவே உச்ச அளவு. நான்கில் தொடங்கி, வழுக்கினால் மட்டும் மெல்லக் கூட்டுங்கள். அலுமினிய ஃபிரேமுக்குள் கார்பன் சீட் போஸ்ட் செருகியிருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளியே எடுத்துத் துடைத்து மீண்டும் பூசுங்கள். வியர்வையும் மழை நீரும் இறங்கினால் அலுமினியம் அரித்து, இரண்டும் ஒட்டிப்போய்க் கழற்றவே முடியாமல் போகும்.

கேள்வி: 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது உண்மையா? — ஒரு வாசகர், மதுரை.

பதில்: அது உலக சைக்கிள் ஓட்டக் கூட்டமைப்பான யுசிஐ 2000ஆம் ஆண்டு முதல் தன் பந்தயங்களுக்கு நடைமுறைப்படுத்திய விதி. அவ்விதிகளின்படி நடக்கும் பந்தயத்தில் கலந்துகொள்பவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். மற்றவர்கள் எந்த எடையிலும் ஓட்டலாம். விளம்பரத்தில் வரும் எடை பெரும்பாலும் சிறிய அளவு ஃபிரேமில், பெடல் இல்லாமல் எடுத்தது என்பதால், வாங்கும் முன் உங்கள் அளவு சைக்கிளைக் கடையிலேயே தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.