பறவைப் பார்வை: கொழும்பை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைவது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அடிவானக்கோட்டை எவ்வளவு உயரத்தில் போடவேண்டும்? – கொட்டாஞ்சேனை

கண்ணுயரம், அதாவது பார்ப்பவரின் கண் தரையிலிருந்து இருக்கும் உயரம், எத்தனை மீற்றர் என்று எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதைத் தீர்மானியுங்கள். 90 மீற்றர் என்றால், செங்குத்துக் கோடுகள் சமாந்தரமாக நிற்கும் படத்தில், 30 மீற்றர்க் கட்டடம் எங்கே நின்றாலும் அதன் அடிக்கும் அடிவானத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் மூன்றிலொரு பங்கு உயரமாக வரும். தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர். அந்தத் தூரத்தைப்போல நான்கு மடங்கு எழும்பும். தாளில் இடம் போதாவிட்டால் கண்ணை உயர்த்துங்கள், கோபுரத்தைக் குறுக்காதீர்கள்.

ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் என்பதும் இதுதானே? – தெஹிவளை

இல்லை. அது தூரத்துப் பொருள் வெளிறி நீலம் பாய்வதைக் காட்டும் முறை. தரையில் நின்று வரைந்தாலும் அது உண்டு.

மூன்று மறைபுள்ளி (சமாந்தரக் கோடுகள் போய்ச் சேர்வதாகத் தெரியும் புள்ளி) வைத்தும் ஓரத்துக் கட்டடங்கள் ஈட்டிபோல் நீள்கின்றன. – வெள்ளவத்தை

மூன்றையும் ஏ3 தாளுக்குள் அடைத்திருக்கிறீர்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்தப் பிழையோடுதான் படங்கள் வருகின்றன. ஏ3 தாளின் மூலை நடுவிலிருந்து 26 செ.மீ. அது கண்ணிலிருந்து விரியும் 60 பாகைப் பார்வைக் கூம்புக்குள் அடங்க, கண் தாளிலிருந்து 45 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். பார்வையை 30 பாகை கீழே சாய்த்தால் அடிவானம் நடுவுக்கு மேலே 26 செ.மீ., கீழ் மறைபுள்ளி நடுவுக்குக் கீழே 78 செ.மீ. கட்டடம் 45 பாகை திரும்பி நின்றால் பக்கப் புள்ளிகள் அடிவானத்தில் இடமும் வலமுமாக 52 செ.மீ. ஆக, ஒரு மீற்றருக்கு மேல் அகலம், அதே அளவு உயரம். எட்டுக்கு நாலடிப் பிளைவுட்டில் தாளை ஒட்டி, புள்ளிகளில் ஆணி அடித்துத் தையல் நூல் கட்டி இழுங்கள். பலகை இல்லையா? எல்லா அளவையும் கால் பங்காக்குங்கள். ஏ3 தாளிலேயே புள்ளிகள் அடங்கும், படம் 10.5க்கு 7.5 செ.மீ. பெட்டிக்குள் வரும். அதை 400 வீதம் போட்டோகொப்பி எடுத்தால் ஏ3. பென்சில் பிழையும் நான்கு மடங்காகும், ஆகவே கடினமான 2எச் பென்சில் கூராக இருக்கட்டும். புள்ளிகளை இடம் மாற்றினால், அவை அமைக்கும் முக்கோணத்தின் மூன்று குத்துயரங்களும் (மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் கோடுகள்) படத்தின் நடுவில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். சந்திக்காவிட்டால் மூலைகள் 90 பாகையாகத் தெரியாது.

புறக்கோட்டைக் குறுக்குத்தெருக்களின் இடைவெளியைத் தூரம் போகப்போக எவ்வளவு குறைப்பது? – மருதானை

ஊகிக்காதீர்கள். நகரத்தின் தெரு வரைபடத்தில் 10 மீற்றர்ச் சதுரக் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரம் போகப்போகச் சிறுக்கும் உங்கள் படத்தில், மூலைவிட்டத்தால் பிரித்து, தெருவைக் கட்டம் கட்டமாக மாற்றுங்கள். கண்ணுயரம் எழுதியாயிற்றா?

நிழல்? – பம்பலப்பிட்டி

நண்பகலைத் தவிருங்கள். ஏப்ரல், செப்டெம்பர் முதல் வாரங்களில் கொழும்பில் சூரியன் உச்சிக்கே வருவதால் நிழல் அடியோடு ஒட்டிவிடும். அந்நாட்களில் காலை 9 மணிக்கு நிழல் ஏறக்குறையக் கட்டட உயரமே.