வெள்ளத்துக்கு ஏன் பழைய சர்ச் பாட்டு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில் வாசகி): அண்ணா, கத்ரீனா புயல் நிவாரணத்துக்காக அமெரிக்காவுல நியூ ஆர்லீன்ஸ் ஊர் பாடகர்கள் ஆல்பம் போட்டதா போன இதழ்ல ஒரு வரி எழுதியிருந்தீங்க. புதுசா எழுதாம ஏன் பழைய கோஸ்பல் (சர்ச் பாட்டு), ப்ளூஸ் (அமெரிக்க கறுப்பினத்தவரோட சோகப் பாட்டு) எல்லாம் எடுத்தாங்க? நான் சர்ச் கொயர்ல பாடுறவ, அதான் கேக்குறேன்.

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்மா, பாடினவங்கள்ல பெரும்பாலானவங்க வெளியூர்ல இருந்து இரக்கப்பட்டு வந்தவங்க இல்ல, அந்தப் பக்கத்து ஆளுங்கதான், வீட்டையே பறிகொடுத்தவங்களும் அதுல இருந்தாங்க. 2005 ஆகஸ்ட் 29 புயல் கரைய கடந்துச்சு, ஆனா ஊர அழிச்சது காத்து இல்ல, கால்வாய் தடுப்புச்சுவர் உடைஞ்சதுதான், ஊர்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அந்த ஊர் பாடகி இர்மா தாமஸோட வீடும் போச்சு, அவங்க நடத்தின கிளப்பும் போச்சு. இசையமைப்பாளர் ஆலன் டூசான்ட்டோட சீ-செயின்ட் ஸ்டூடியோவும் நாசம். இப்படி ஊர் ஊரா செதறிக் கிடந்தவங்கள தேடிப்பிடிச்சு ரெக்கார்ட் பண்ணி, 'அவர் நியூ ஆர்லீன்ஸ்'னு நான்சச் இசைக் கம்பெனி அந்த டிசம்பர்லயே வெளியிட்டுடுச்சு. அந்த அவசரத்துல யாரு உக்காந்து புதுசா எழுதி ரிகர்சல் பாக்குறது? சின்ன வயசுல இருந்து ஞாயித்துக்கிழமை பாடின பாட்டுன்னா ஒருத்தர் மொத அடி எடுத்தா போதும், மிச்ச பேர் தானா சேந்துடுவாங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா.

இன்னொன்னு, அந்தப் பாட்டுங்கள்ல ஏற்கனவே தண்ணி இருக்கு. யோர்தான், நோவா பேழை, ஆத்த தாண்டுறது, எல்லாம் அடிமைக் காலத்துல இருந்து வர்ற சொல்லு. 1900ல டெக்சாஸ் கடலோர ஊர் கால்வெஸ்டன்ல புயல் அடிச்சு ஆயிரக்கணக்குல செத்தாங்க, அதப்பத்தின சர்ச் பாட்ட 1934ல டெக்சாஸ் சிறைப்பண்ணைல நாட்டுப்பாட்டு சேகரிச்ச ஜான் லோமாக்ஸ் பதிவு பண்ணி வச்சிருக்கார். இந்த ஆல்பத்துல இர்மா பாடினது ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1927 பிப்ரவரில பதிவு பண்ணின வெள்ளப் பாட்டு. அது ப்ளூஸ்தான், ஆனா இர்மா பாப்டிஸ்ட் சர்ச் கொயர்ல வளந்தவங்க, அந்தக் குரல்ல கேக்கறப்ப ஜெபம் மாதிரிதான் இருக்கு. பியானோ கலைஞர் எடி போ வாசிச்ச 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டு பக்கா சர்ச் பாட்டு. அந்த ஊர் சாவு ஊர்வலத்துல கல்லறைக்கு போறப்ப மெதுவா அழுகைப்பாட்டு, அடக்கம் முடிஞ்சு திரும்பறப்ப இந்த மாதிரி துள்ளல் பாட்டு, அதுதான் அங்க பழக்கம். துக்கத்த எப்படி சுமக்கணும்னு அந்த ஊருக்கு பாட்டுலயே தெரியும், புதுசா எழுதியிருந்தா இந்த கனம் வந்திருக்குமான்னு எனக்கு தோணல.

கேள்வி (அதே வாசகி): காசு நெஜமாவே போய்ச் சேந்துச்சா?

பதில்: ஆல்பம் வருமானம் ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டிங்கற தொண்டு அமைப்புக்கு, வீடு கட்ட. அதே அமைப்போட அந்த ஊர் இசைக்கலைஞர்கள் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸும் சேந்து நியூ ஆர்லீன்ஸோட அப்பர் நைன்த் வார்டு பகுதில இசைக்கலைஞர் குடியிருப்பு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 72 தனி வீடு. ஆனா சும்மா குடுக்கல, வட்டியில்லா கடன், கூட கட்டுமான வேலைலயும் கை குடுக்கணும். இதுலதான் எனக்கு ஒரு வருத்தம், ராத்திரி வாசிச்சு கைல ரொக்கமா வாங்குறவன்கிட்ட சம்பளச் சீட்டு எங்க இருக்கும், கடன் தகுதி இல்லன்னு ஆரம்பத்துல நெறைய கலைஞர்களுக்கு வீடு கெடைக்காம போச்சு. யாருக்காக திட்டம் போட்டாங்களோ அவங்க வாழ்ற விதத்த மொதல்லயே யோசிச்சிருக்கணும்.

கேள்வி: எங்க கொயரும் இப்படி ஒண்ணு பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணுங்கம்மா. ரொம்ப பழைய பாட்டா இருந்தா எழுதினவர் உரிமை காலாவதி ஆகியிருக்கும், ராயல்டி பேச்சே வராது. ஆனா இப்ப யாராவது இசை அமைச்ச வடிவத்த எடுத்தா அவங்க அனுமதி வேணும், அடுத்தவங்க ரெக்கார்டிங்க அப்படியே போடவும் கூடாது. காசு யாருக்கு, எந்தக் கணக்குல போகுதுன்னு அட்டைலயே அச்சடிச்சிடுங்க, வரவு செலவ சபைல எல்லார் முன்னாடியும் வாசிச்சிடுங்க. ரெக்கார்டிங்குக்கு ஊர்லயே பாதிக்கப்பட்டவங்க யாராவது பாடுறவங்களா இருந்தா அவங்கள முன்வரிசைல நிக்க வைங்க.