முதல் வண்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. முதல் பைக் எடுக்கப் போகிறேன். "150 சிசி ஆறு மாதத்தில் சலித்துவிடும், எடுக்கிறதே எடுக்கிறாய், 400 சிசியாக எடுத்துவிடு" என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

ஆறு மாதத்தில் சலித்துவிடும் என்பவர்கள் அந்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள், கவனித்தீர்களா? நான் சொல்கிறேன். பார்க்கிங்கில் இரண்டு வண்டிக்கு நடுவே மாட்டிக்கொண்டதைப் பின்னால் உருட்டி எடுப்பீர்கள். மேட்டில் நின்று, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, பாதி கிளட்சில் கிளப்பப் பார்த்து இரண்டு தடவை அணைந்துபோகும். குறுகலான சாலையில் யூ டர்ன் போட்டு, திரும்பி முடிப்பதற்குள் கால் ஊன்றிவிடுவீர்கள். இதெல்லாம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் கீழே நடக்கிற விஷயம். ஓரளவு வேகம் பிடித்துவிட்டால் வண்டி தானாகவே நேராக நிற்கும், மெதுவாகப் போகும்போதுதான் அதன் எடை முழுவதும் நம் தலையில். அதனால் முதல் வண்டிக்கு நான் பார்க்கச் சொல்வது எடையையும் உயரத்தையும்தான். டாப் ஸ்பீடு அப்புறம்.

சிசியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு சுமார் 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ. அதைவிடக் கொஞ்சம்தான் பெரிய 373 சிசி இன்ஜினோடு வந்த பழைய கேடிஎம் 390 டியூக்குக்கு சுமார் 43 குதிரைத்திறன், எடையும் குறைவு. காகிதத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கும், ஓட்டினால் இரண்டும் இரண்டு வேறு ஜாதி. முதலாவது, நிற்கும்போது உங்களைச் சாய்க்கப் பார்க்கும். இரண்டாவது, ஓடும்போது உங்களை விட்டுவிட்டுப் போகப் பார்க்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதிதாக ஓட்டுகிறவர் பயந்தால் முதலில் கையைத்தான் இறுக்குவார், உடம்பு பின்னால் போகும், அதோடு மணிக்கட்டும் திரும்பி ஆக்சிலரேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்ளும். வண்டி பாய்ந்ததும் பயம் கூடும், பிடி இன்னும் இறுகும். 12 குதிரைத்திறன் வண்டியில் இது ஒரு குலுக்கலோடு போய்விடும், 43-ல் அப்படிப் போகும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஐரோப்பாவில் மோட்டார்சைக்கிள் உரிமத்தின் முதல் படியான ஏ1-ல் 125 சிசி, 11 கிலோவாட், அதாவது சுமார் 15 குதிரைத்திறன்தான் உச்சவரம்பு. அடுத்த படியான ஏ2-ல் 35 கிலோவாட். சட்டமே படிப்படியாகத்தான் ஏற்றுகிறது.

125-லிருந்து 160 சிசிக்குள், 150 கிலோவுக்குக் கீழே ஒன்றை எடுங்கள். சலித்தால் விற்றுவிட்டுப் பெரியதற்குப் போங்கள். கீழே போட்டாலும் தூக்குவது சுலபம், உடைவதும் கம்மி. கண்டிப்பாக ஒரு தடவையாவது போடுவீர்கள், நானும் போட்டேன், அதுவும் ஓடாமல் நிற்கும்போது!

கேள்வி: என் உயரம் 155 சென்டிமீட்டர். சீட் எவ்வளவு உயரம் இருந்தால் கால் எட்டும்?

விளம்பரத்தில் போடுகிற சீட் உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம். 800 மில்லிமீட்டரில் முன்பக்கம் ஒடுங்கிய சீட்டில் கால் எட்டும், 780-ல் அகலமான சீட்டாக இருந்தால் தொடை விரிந்து எட்டாமல் போகும். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வழக்கமாகப் போடுகிற செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நேரில் போய் உட்காருங்கள். இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தால் சந்தோஷம், பதியாவிட்டால் இடது கால் முழுதாகப் பதிந்தால் போதும், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே நாலடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அதில் திணறினால் அந்த வண்டி வேண்டாம். சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதல் வண்டியில் அந்த வேலைக்குப் போகாதீர்கள். அடிப்பக்கம் தரையில் தட்டும், இறங்கிய உயரத்துக்கு சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும்.

கேள்வி: ஏபிஎஸ் இல்லாத மாடல் மலிவாகக் கிடைக்கிறது. ஏபிஎஸ் அவசியமா?

நிறத்தில் விட்டுக்கொடுங்கள், இதில் வேண்டாம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் புதியவர்கள் ஒன்று அதைத் தொடவே மாட்டார்கள், இல்லையென்றால் பதறிப்போய் மொத்தமாக அழுத்திவிடுவார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் அடுத்த நொடி தரைதான். ஏபிஎஸ் பூட்ட விடாது, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். பிஎம்டபிள்யூ இதை 1988-ல் கே100-ல் கொண்டுவந்தது, ஒன்றும் புது சமாச்சாரம் இல்லை. ஒரே சக்கரத்துக்குத்தான் கிடைக்கும் என்றால் அது முன்சக்கரமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சாதாரண ஏபிஎஸ் வளைவில் சாய்ந்திருக்கும்போது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வண்டி வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக. வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். என் முதல் வண்டி சூடாகத்தான் காத்திருந்தது, அட, ஒரே தட்டலில் கிளம்பியதே என்று மகிழ்ந்துபோய் வாங்கினேன், மறுநாள் காலையில் அரை மணி நேரம் உதைத்தேன். லீவர் நுனியும் ஹேண்டில்பார் நுனியும் தேய்ந்திருந்தால் விழுந்த வண்டி. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்தான் முன் ஃபோர்க், அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் போயிருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால் இன்னும் நல்லது, உங்கள் மெக்கானிக்கை, விற்பவருடையதை அல்ல.

கேள்வி: பணம் எல்லாம் வண்டிக்கே போய்விடும் போல, ஹெல்மெட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் ஹெல்மெட், மிச்சத்தில் வண்டி. தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட்டாக எடுங்கள். போட்டுப் பட்டியை மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கன்னத் தோலும் கூடவே நகர்ந்தால் அதுதான் உங்கள் சைஸ், ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு சைஸ் குறைத்துக் கேளுங்கள்.