அந்த ஈக்வல்ஸை எழுதியது யார்? – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேர்முகத் தேர்வில் ஜாவா நிரல்மொழி பற்றி ஒரு கேள்வி. இரண்டு இன்டீஜர் (முழு எண்ணை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) மாறிகளில் 127-ஐப் போட்டு == கொண்டு ஒப்பிட்டால் ட்ரூ வருகிறது, 128-ஐப் போட்டால் ஃபால்ஸ். ஏன் என்று கேட்டார்கள், தெரியவில்லை. '== வேண்டாம், எப்போதும் ஈக்வல்ஸ் (இரண்டும் சமமா என்று சொல்லும் மெத்தட்) போடு' என்றுதான் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். இது ஜாவாவின் பிழையா? பைத்தானுக்குப் போனால் இந்தத் தொல்லை இருக்காதா? இந்தத் துறையே எனக்குச் சரிப்படாதோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததற்கெல்லாம் யாராவது பயப்படுவார்களா? முதலில் நன்றாகத் தூங்கி எழுந்திருங்கள்.

பிழை இல்லை. ஆப்ஜெக்ட் என்பது நினைவகத்தில் உருவாக்கி வைக்கும் தரவுப் பொட்டலம். இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு நடுவே == போட்டால், நினைவகத்தில் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தான் பார்க்கும். -128 முதல் 127 வரை ஜாவா ஒரே இன்டீஜரைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறது. 128-க்கு வழக்கமாகப் புதிதாக ஒன்றை உருவாக்கும். அவ்வளவுதான். இதை வைத்து ஆள் எடுப்பவர்களைப் பற்றிப் பேசினால் என் வாய் கெட்டுவிடும்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'எப்போதும் ஈக்வல்ஸ் போடு' என்ற வரியில்தான். கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு. உங்கள் கிளாசில் நீங்கள் ஈக்வல்ஸ் எழுதவில்லை என்றால், எல்லாக் கிளாசுகளுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் கிளாசில் இருப்பதுதான் ஓடும். அது உள்ளே == தான் செய்கிறது! தசம எண்களுக்கான கிளாஸ் பிக்டெசிமல். அதன் ஈக்வல்ஸுக்கு 2.0-உம் 2.00-உம் சமமில்லை, பெரிது சிறிது பார்க்கும் கம்பேர்டூவுக்குச் சமம். தசம இடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதை எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். எது எதற்குச் சமம் என்பதை எப்போதும் யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். உங்கள் கிளாசுக்கு அந்த யாரோ நீங்கள்தான், மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் வேலை பார்த்தேன். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றானால் ஒரே ஆள் என்று ஈக்வல்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கோமதி அம்மாள் இரண்டு முறை இருந்தார். திரையில் இரண்டும் அச்சு அசலாக 'கோமதி', கணினியிடம் எத்தனை குறியீடுகள் என்று நீளம் கேட்டால் ஒன்று 5, இன்னொன்று 6. ஒன்றில் 'கோ'வின் ஓகாரக்குறி ஒற்றைக் குறியீடு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த மற்றதில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு இரண்டும் ஒன்றுதான் என்கிறது. ஸ்ட்ரிங்கின் (எழுத்துச் சரம்) ஈக்வல்ஸ் அதைக் கேட்காது, ஜாவாவின் நார்மலைசர் கிளாசில் போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதைச் சரிசெய்துவிட்டோம். அப்புறம் இரண்டு பழனியம்மாள் வந்தார்கள். இருவருக்கும் பிறந்த தேதி தெரியாது. யாரோ இருவருக்கும் ஒரே வருடம் போட்டு, ஜனவரி 1 என்று எழுதிவைத்திருந்தார்கள். ஒருவர் வாங்கிய பயிர்க்கடன் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. இருவரும் சேர்ந்தே வந்து கவுன்டரில் நின்றார்கள். குமாஸ்தா திரையைப் பார்த்து, "சிஸ்டத்துல ஒரே ஆளுதாம்மா இருக்கு" என்றார்.

இங்கே == போட்டாலும் கதை நடக்காது. தரவுத்தளத்திலிருந்து ஒரே பழனியம்மாளை இருமுறை எடுத்தால் இரண்டு ஆப்ஜெக்ட் வரலாம். உறுப்பினர் எண் ஒன்றா என்று பார்த்திருக்க வேண்டும். தொகை என்றால் மதிப்பு போதும், ஆளுக்குப் போதாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தராமல் பயிற்சி வகுப்பில் எதற்குத்தான் கட்டணம் வாங்குகிறார்கள்?

ஈக்வல்ஸை மாற்றினால் ஹேஷ்கோடையும் (ஆப்ஜெக்டை எங்கே வைத்துத் தேடுவது என்பதற்கான எண்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துத் தேடும் ஹேஷ்மேப்பில் போட்டது கைக்குக் கிடைக்காமல் போகலாம். ஜாவா 16 முதல் ரெக்கார்டு என்ற கிளாஸ் வகை இரண்டையும் தானே எழுதித்தரும். எல்லாப் புலங்களையும் சேர்த்துத்தான் ஒப்பிடும், பழனியம்மாளுக்கு அது உதவாது.

பைத்தானா? அங்கே மதிப்புக்கு ==, அடையாளத்துக்கு 'இஸ்'. பெரும்பாலோர் ஓட்டும் பைத்தானான சிபைத்தானில் சின்ன முழு எண்களுக்கு 'இஸ்' போட்டால் இதே கூத்து உண்டு. தாராளமாகப் போங்கள். துறை சரிப்படுமா என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்வதாக இல்லை.

அன்புடன்,
அண்ணன்