பீசோ தகடு, சூரியப் படலம், பட்டை இடைவெளி: கணிப்பு எங்கே பிசகும்?

கேள்வி (வந்தாறுமூலை, கம்பஸ் மாணவி): சேர், பொருளின் இலத்திரன் அமைப்பைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருளில் சிலிக்கனுக்குப் பட்டை இடைவெளி (இலத்திரன் விடுபட்டு ஓடத் தேவையான குறைந்தபட்சச் சக்தி) 0.6 இலத்திரன்வோல்ட் என்று வருது. 1.12 தானே வரவேணும்? எங்க பிழை?

பதில்: பிழை உங்கட கையில் இல்லை, தங்கச்சி. இலத்திரன்களுக்கிடையிலான தாக்கத்தைக் கணிக்க அந்த மென்பொருள் எடுக்கும் பிபிஇ என்ற தோராயச் சார்பின் குணமே அது, இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். நாக ஒட்சைட்டில் இன்னும் மோசம்: 3.3 இருக்கவேண்டிய இடத்தில் 0.8 அளவில் நிற்கும். முதலில் வெட்டுச் சக்தியை (கணிப்பில் சேர்க்கும் அலைகளின் மேல் எல்லை) 30 ரிட்பெர்க்கில் (சக்தி அலகு) தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். அணுவொன்றுக்கான சக்தி 1 மில்லி இலத்திரன்வோல்ட்டுக்குக் குறைவாக மாறும் இடத்தில் நிறுத்தலாம். கே-புள்ளி வலையையும் (இலத்திரன் அலைகளைக் கணிக்கும் மாதிரிப் புள்ளிகள்) ஒவ்வொரு திசையிலும் 4, 6, 8 என்று அப்படியே சோதியுங்கள். பிறகு இடைவெளிக்கு மட்டும் எச்எஸ்இ06 என்ற, நேரம் கூட எடுக்கும் ஆனால் துல்லியம் கூடிய சார்பைப் பாவியுங்கள். சிலிக்கனுக்கு 2 அணுதான், சாதாரண லப்டொப்பே தாங்கும்.

பெரொவ்ஸ்கைட்டில் (புதுவகைச் சூரியக் கலப் பொருள்) ஏமாறவேண்டாம். மெதைலமோனியம் ஈய அயடைட்டுக்கு பிபிஇ 1.6 என்று 'சரியாக'ச் சொல்லும். சுழற்சி-சுற்றுப்பாதை இணைப்பை (ஈயம் போன்ற கன அணுக்களில் இலத்திரனின் சுழற்சி அதன் அசைவோடு பிணைவது) விட்டதால் இடைவெளி கூடுகிறது, பிபிஇ குறைக்கிறது, இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இணைப்பைச் சேர்த்துப் பாருங்கள், எண் சரிந்துவிடும்.

கேள்வி (ஒலுவில்): சூரியக் கலத்தைக் கணிக்கும் ஸ்கப்ஸ் மென்பொருளில் என் பெரொவ்ஸ்கைட் கலம் 30 சதவீத வினைத்திறன் தருது. அறிக்கையில் போடலாமா?

பதில்: போடவேண்டாம், தம்பி. ஒரே ஒளி உறிஞ்சும் படலம் உள்ள ஒற்றைச் சந்திக் கலத்தின் கோட்பாட்டு எல்லையே 33 சதவீதமளவில். குறைபாட்டு அடர்த்தியைப் பூச்சியமாக விட்டிருப்பீர்கள், படலங்கள் சந்திக்கும் இடைமுகத்தின் குறைபாடும் கம்பி, தொடுகைகளின் தொடர்தடையும் விட்டுப்போயிருக்கும். வெப்பநிலையையும் பாருங்கள்: அது 300 கெல்வினிலேயே கிடக்கும். உச்சி வெயிலில் நம்மட தகரக் கூரை மேல் கலம் 60 பாகை தாண்டும். அதற்குச் சமமான 333 கெல்வினில் ஒருமுறை ஓட்டி, இரண்டு எண்ணையும் அறிக்கையில் கொடுங்கள்.

கேள்வி (சம்மாந்துறை, நெல் ஆலை): சல்லடைச் சட்டத்தில் 27 மில்லிமீற்றர் பீசோ தகடு (அதிர்வை மின்னாக்கும் தகடு) ஒட்டினேன். மீற்றரில் 15 வோல்ட். 5 வாற்று பல்பை மாட்டினால் ஒன்றுமில்லை.

பதில்: மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம், நானா. அது கிட்டத்தட்ட எதையும் இழுக்காது, அதனால்தான் 15 வோல்ட் நிற்கிறது. தகட்டின் கொள்ளளவம் 20 நானோபரட் என்று வையுங்கள். நான்கு முனை மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது 24 ஹேட்ஸ். அந்த மீடிறனில் பொருத்தமான சுமைத்தடை 330 கிலோ ஓம் அளவில் வரும், கிடைக்கும் வலு மூன்றில் ஒரு மில்லிவாற்று. பல்புக்கு 15,000 தகடு வேணும். ஆனால் மின்தேக்கியில் சேர்த்து வைத்தால், பத்து நிமிடத்துக்கொரு தரம் பெயாரிங் சூட்டை அளந்து அனுப்பும் உணரிக்கு அதுவே தாராளம்.

கணினியில் வரைந்து பார்க்கிறீர்கள் என்றால், சல்லடை பெல்ட்டில் ஓடுவதால் 24-ஐ நம்பாமல் போனின் முடுக்கமானியால் மீடிறனை அளந்து கொடுங்கள். தகட்டை ஒரு முனை மட்டும் பிடிபட்ட அதிர்வு நாவாகத் தொங்கவிடும்போது நீளத்தை 10 சதவீதம் கூட்டினால், முனை எடை இல்லாத நாவில் பரிவு மீடிறன் (நா தானாக அதிகம் அதிரும் மீடிறன்) 17 சதவீதம் இறங்கும். பற்றுமுனையை இறுக்கமானது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் உண்மை மீடிறன் அதற்குக் கீழேதான். நெல் கூடினால் மோட்டார் 1420 சுற்றுக்கு இறங்கும், அது 0.33 ஹேட்ஸ் குறைவு. தணிப்பு விகிதம் (அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு) 0.01 என்றால் உங்கள் பரிவின் அகலமே 0.48 ஹேட்ஸ்தான். ஆகவே முனையில் எடை கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் வசதி விடுங்கள். தணிப்பைப் பூச்சியமாகப் போட்டால் வரும் உச்சம் வெறும் கனவு.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மின் கடத்தலைக் கணிக்கும் போல்ட்ஸ்ட்ராப் மென்பொருளில் மின் கடத்துதிறன் பெரிய எண்ணாக வருது, வெப்பத்தை மின்னாக்கும் வெப்பமின் பொருளுக்கு நல்லதுதானே?

பதில்: அது தளர்வு நேரத்தால் (இலத்திரன் இரு மோதல்களுக்கிடையே ஓடும் நேரம்) வகுத்த எண். 10 பெம்டோசெக்கனால் பெருக்கி, அது ஊகம் என்று எழுதுங்கள். சீபெக் குணகம் (வெப்பநிலை வேறுபாடு ஒரு பாகைக்குத் தரும் வோல்ட்) மட்டும் தளர்வு நேரத்தை மாறிலியாக எடுத்தால் தப்பிக்கும். சாலக (பளிங்கின் அணு அடுக்கு) வெப்பக் கடத்துதிறனை அந்த மென்பொருள் தராது.