தரையோடு தரையாக ஒரு சம்பியன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 1988 ஆம் ஆண்டின் மெக்லாரன் எம்.பி.4/4 போர்முலா வன் காரின் படத்தை வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

வெள்ளவத்தை வாசகர்: 16 போட்டிகளில் 15 வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். வென்றது ஹொண்டா எஞ்சின்தானே? காருக்கு என்ன பெருமை?

அதே ஹொண்டா எஞ்சின் அந்த ஆண்டு லோட்டஸ் அணியின் 100டி காரிலும் இருந்தது. ஓட்டியவரும் சாமானியரல்ல, முந்தைய ஆண்டின் உலகச் சம்பியன் நெல்சன் பிக்கே. அப்படியிருந்தும் லோட்டஸ் ஒரு போட்டியைக்கூட வெல்லவில்லை. பருவம் முழுவதற்கும் அந்த அணி எடுத்தது 23 புள்ளிகள், மெக்லாரன் எடுத்தது 199. இமோலாவில் நடந்த தகுதிச் சுற்றைப் பாருங்கள். மெக்லாரன் ஓட்டுநர்களில் சென்னா முதலிடம், புரோஸ்ட் இரண்டாமிடம், மூன்றாமிடத்தில் பிக்கே. சென்னாவுக்கும் பிக்கேக்கும் இடையில் மூன்று செக்கனுக்கு மேல் வித்தியாசம்! எஞ்சின் ஒன்று, ரயர் ஒன்று. மிச்சமெல்லாம் காரும் ஓட்டுநரும்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கார் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது? அதனால் என்ன நன்மை?

வளைவில் திரும்பும்போது காரின் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்குச் சாயும். புவியீர்ப்பு மையம் உயரமாக இருந்தால் அந்தச் சாய்வு அதிகம். உள்பக்க ரயர்கள் பிடிப்பை இழக்க, வெளிப்பக்க ரயர்கள் இரண்டும் பாரமெல்லாம் சுமந்து சூடாகித் தேயும். தாழ்த்தினால் நான்கு ரயரும் வேலை செய்யும். இன்னொரு நன்மை காற்று. ஓட்டுநர் படுத்தபடி ஓட்டி, அவரின் தலையும் எஞ்சின் மூடியும் தாழ்ந்திருந்தால் பின்பக்க விங்குக்கு (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) குழம்பாத காற்று போய்ச் சேரும். விங் சிறிதாக இருந்தாலும் அழுத்தம் கிடைக்கும்.

சொல்வது சுலபம், செய்வதுதான் பாடு. பின்னர் மெக்லாரனுக்கு வந்த கோர்டன் மரே, 1986 இல் பிரபாம் அணியின் பி.டி.55 காரில் இதை முயன்று பார்த்தார். அதிலிருந்த பி.எம்.டபிள்யூ நான்கு சிலிண்டர் எஞ்சின் நெட்டையானது. ஆகவே அதை 72 பாகை சரித்துப் படுக்கவைத்தார்கள். படுத்த எஞ்சினிலிருந்து ஒயில் ஒழுங்காக வடிந்து திரும்பவில்லை. தேங்கிய ஒயில் வலுவைத் தின்றது. பருவம் முடியும்போது அந்த அணியிடம் இருந்தவை 2 புள்ளிகள்.

ஹொண்டாவின் வீ6 எஞ்சின் குட்டை, சரிக்கத் தேவையில்லை. ஆனாலும் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) எவ்வளவு கீழே போகலாம் என்பதைக் கடைசியில் கிளச்சின் விட்டமே தீர்மானிக்கிறது, ஏனென்றால் கிளச் தட்டு தரையில் முட்டக்கூடாது. அதனால் விட்டம் குறைந்த கிளச்சைப் போட்டுக் கிராங்கை இறக்கினார்கள். உடனே அடுத்த சிக்கல் வந்தது. எஞ்சின் கீழே போய்விட்டது, சில்லின் மையம் அங்கேயே இருக்கிறது. சாதாரண கியர்பொக்ஸ் என்றால் சில்லைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் செங்குத்தாக ஏறிப்போக வேண்டிவரும். அந்தக் கோணத்தில் சுழன்றால் மூட்டுகள் சூடேறித் தேய்ந்துவிடும். வழக்கமான இரண்டு தண்டுகளோடு மூன்றாவது தண்டையும் சேர்த்து, வலு வெளியேறும் இடத்தைச் சில்லின் மட்டத்துக்கு உயர்த்தினார்கள். இந்தக் காரில் எங்களுக்கு ஆகப் பிடித்த வேலை அந்தக் கியர்பொக்ஸ்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

பம்பலப்பிட்டி வாசகர்: வடிவமைத்தவர் மரேயா, ஸ்டீவ் நிக்கல்ஸா?

மரே தொழில்நுட்ப இயக்குநர், நிக்கல்ஸ் தலைமை வடிவமைப்பாளர். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. படுத்தபடி ஓட்டும் எண்ணத்திலும் மூன்று தண்டுக் கியர்பொக்ஸிலும் மரேயின் பிரபாம் அனுபவம் தெரிகிறது. காரை முழுமையாக வரைந்து முடித்த வேலையில் நிக்கல்ஸின் குழுவை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

மட்டக்குளி கராஜ் ஒன்றிலிருந்து: அந்தக் காருக்கு டொலுயீன் ஊற்றினார்களாம். எங்களிடம் வரும் 660 சீசீ டேர்போ கார்களுக்குப் பெற்றோலோடு கொஞ்சம் கலக்கலாமா?

கலக்கவேண்டாம். டொலுயீன் என்பது தின்னரில் சேரும் கரைப்பான். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அந்த ஆண்டின் விதியைப் பார்க்கவேண்டும். டேர்போ கார்களுக்கு ஒரு போட்டிக்கு 150 லீற்றர் எரிபொருள் மட்டுமே. முந்தைய ஆண்டில் 195 லீற்றர். டேர்போ அழுத்தமும் 4 பாரிலிருந்து 2.5 பாருக்கு இறக்கப்பட்டது. இது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு. 300 கிலோமீற்றர் சொச்சத்தை ஓடி முடிக்க லீற்றருக்கு 2 கிலோமீற்றராவது போகவேண்டும். எரிபொருளை நிறுக்கவில்லை, லீற்றரில்தான் அளந்தார்கள். டொலுயீன் பெற்றோலைவிட அடர்த்தியானது. ஒரு லீற்றரில் சுமார் பத்திலொரு பங்கு கூடுதல் சக்தி இருக்கும். ஹொண்டா பயன்படுத்திய கலவை 84 சதவீதம் டொலுயீன், 16 சதவீதம் ஹெப்டேன். ஹெப்டேனைச் சேர்த்தது ஒக்டேன் எண்ணை (எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) விதி அனுமதித்த 102 க்குள் வைப்பதற்கு.

ஆனால் டொலுயீன் இலகுவில் ஆவியாகாது. அதற்காகவே எரிபொருளைச் சூடாக்கி எஞ்சினுக்குள் விட்டார்கள். உங்களிடம் வரும் காரில் அந்த வசதி இல்லை. காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிணுங்கும், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஒயிலைக் கழுவிவிடும். பெற்றோல் பைப்பின் ரப்பர், பம்பின் ஓரிங் எல்லாம் ஊதிப்போய்க் கசியும். தின்னர் வாடையில் அடைத்த கராஜுக்குள் நின்று வேலை செய்வது உங்கள் நரம்புக்கும் கேடு. கார் நொக் பண்ணினால் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டால்) 92 ஐ விட்டு 95 ஒக்டேன் அடித்துப் பாருங்கள். பிறகு பிளக், இன்டர்கூலர் குழாய்க் கசிவு, நொக் சென்சர் என்று வரிசையாகப் பாருங்கள்.

மருதானை வாசகர்: தோற்ற அந்த ஒரு போட்டி எது?

மொன்சா, செப்டெம்பர் 11. புரோஸ்டின் எஞ்சின் பழுதாகி அவர் வெளியேறினார். முன்னால் போன சென்னா, இரண்டு சுற்று மீதமிருக்கையில் பின்தங்கிய வில்லியம்ஸ் காரொன்றை முந்தப்போய் மோதி நின்றார். ஃபெராரியின் பெர்கரும் அல்போரேட்டோவும் முதலிரு இடங்களையும் பிடித்தார்கள். அந்த அணியை நிறுவிய என்சோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. இத்தாலிய ரசிகர்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னா 8, புரோஸ்ட் 7 வெற்றி. மொத்தப் புள்ளியில் புரோஸ்ட் 105, சென்னா 94. ஆனாலும் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே எண்ணும் விதிப்படி 90 க்கு 87 என்று சென்னா சம்பியனானார்.

தெஹிவளை வாசகர்: 1:20 அளவில் மொடல் செய்கிறேன். சிவப்பு நிறம் சரியாக வரவில்லை, பூச்சும் வெளிறிப்போகிறது.

அது சாதாரண சிவப்பு அல்ல, செம்மஞ்சள் சாயலுள்ள ஒளிரும் சிவப்பு. அதற்கு மறைக்கும் சக்தி குறைவு. சாம்பல் நிற அடிப்பூச்சின் மேல் அடித்தால் அழுக்காகத்தான் தெரியும். முதலில் தூய வெள்ளை அடித்து நன்றாகக் காயவிட்டு, சிவப்பை மெல்லிய மூன்று நான்கு தடவையாக அடியுங்கள். வெளிறுவதற்குக் காரணம் கொழும்பின் ஈரக்காற்று: லக்கர் வேகமாகக் காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படிகிறது. மழை நாளிலும் மாலையிலும் அடிக்காதீர்கள். வெயில் ஏறிய முற்பகலில், மெதுவாகக் காயவைக்கும் தின்னர் சேர்த்து அடியுங்கள். அளவையும் சரிபாருங்கள்: உண்மைக் காரின் முன்பின் சில்லு மையங்களுக்கிடையே 2,875 மில்லிமீற்றர், உங்கள் மொடலில் ஏறக்குறைய 144 வரவேண்டும். முன்பக்கம் தூக்கலாக நின்றால் சஸ்பென்ஷன் கைகளைப் பசை இறுகுமுன் கீழே அழுத்திச் சரிசெய்யுங்கள்.