கரிமூட்டப் புகை: எதை அளப்பது?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். விடியற்காலையில் புகை ஊரை மூடிவிடுகிறது. சல்ஃபர் டை ஆக்சைடு (கந்தக வாயு) அளந்தால் புகையின் அளவு தெரியுமா?

பதில்: தெரியாது. விறகில் கந்தகம் மிகக் குறைவு. மண் போட்டு மூடிய மூட்டத்துக்குள் காற்றுப் போதாமல் விறகு வேகிறது. வெளியே வருவது தாரும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும்தான். புகை, கந்தக வாயு இரண்டையும் நாடு முழுக்கச் சேர்த்து அளக்கும் கணக்கெடுப்பை பிரிட்டன் 1961-இல் தொடங்கியது. அங்கே வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்தது, இரண்டும் ஒரே புகைபோக்கியில் வந்தன. உங்கள் ஊரில் அந்த ஜோடி இல்லை. பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளை அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். இந்தியாவில் அதற்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்.

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் மொட்டை மாடியில் சிறிய பிஎம் 2.5 சென்சார் வைத்திருக்கிறோம். புகையே இல்லாத இரவிலும் 100-ஐத் தாண்டுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அது எண்ணுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்புத் துகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும்; கருவிக்கு அதுவும் புகைதான். ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும் கூடவே குறியுங்கள், ஈரமான மணி நேரங்களைத் தனியே பிரியுங்கள்.

பிரிட்டனின் பழைய முறை இங்கே கைகொடுக்கும். வெள்ளை வடிதாள் வழியே நாளுக்குச் சுமார் 2 கன மீட்டர் காற்றை இழுத்து, கறை எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பிரதிபலிப்பு மானியில் பார்ப்பார்கள். உப்பு வெள்ளை, கறையில் சேராது. ஆனால் கருமையை மைக்ரோகிராமாக மாற்றும் அட்டவணை நிலக்கரிப் புகைக்குப் போட்டது. விறகுப் புகை பழுப்பேறியது. எனவே நாளுக்கு நாள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்குக் கடற்கரையில் சல்ஃபர் டை ஆக்சைடு அளக்கிறோம். எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே வருகிறது. எங்கே தவறு?

பதில்: தவறே இல்லாமலும் இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்து அமிலத்தை அளக்கும் முறை என்றால் இடத்தை மாற்றுங்கள்: கருவாட்டுக் களத்திலிருந்து வரும் அமோனியா அமிலத்தை முறித்துவிடும்.

இங்கே மேம்பட்ட வெஸ்ட்-கேக் முறைதான் பொருத்தம்; வாயுவைக் கரைசலில் பிடித்து, நிறமாக்கி அளப்பது அது. இம்பிஞ்சரில் (காற்றைக் கரைசலுக்குள் குமிழியாக விடும் கண்ணாடிக் குப்பி) டெட்ராகுளோரோமெர்க்குரேட் கரைசல் 30 மில்லி, நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று, 4 மணி நேரம். வெயிலில் வற்றியதைக் காய்ச்சி வடித்த நீர்விட்டு நிரப்புங்கள். பிறகு சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து 10 நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் நைட்ரஜன் டை ஆக்சைடு குறுக்கிடும். அடுத்து ஃபார்மால்டிஹைடும், நிறம் தரும் பாராரோசனிலினும் சேருங்கள். 30 நிமிடத்துக்குப் பின், 60 நிமிடத்துக்குள், நிறமாலைமானியில் 560 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரப்பர் குழாயை. உப்புக்காற்றில் வெடித்துக் காற்றுக் கசியும். காற்றோட்ட மானி 1 லிட்டர் காட்டினாலும் இம்பிஞ்சருக்குள் குமிழி குறைவாகவே வரும். ஓட்டத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். மாதிரியை ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள், சூட்டில் சிதையும். கரைசலில் பாதரசம் உண்டு; கழிவைச் சாக்கடையில் கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து வையுங்கள்.